வீட்டை விடாதே என்பவர்களுக்கு

"எது போனாலும் வீட்டை மட்டும் விட்டுடாதே." கணவனும் மனைவியும் பிரியப் போகிறார்கள் என்ற செய்தி குடும்பத்துக்குள் கசிந்த அன்றைக்கே இந்த வாக்கியம் வந்து நிற்கும். சித்தி சொல்வாள், எதிர் ஃபிளாட் அக்கா சொல்வார், கூட வேலை பார்ப்பவர் சொல்வார், சமயத்தில் வக்கீலே சொல்வார். பெண் வீட்டார் மட்டுமில்லை. பையனைப் பெற்றவர்களும் "நீ தவணை கட்டுற வீடு, நீ எதுக்குடா வெளிய போகணும்?" என்று அதையேதான் சொல்கிறார்கள். ஆக, ஒரே வீட்டை இரண்டு பேரும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதில் இரண்டு குடும்பத்துக்கும் அபூர்வமான ஒற்றுமை.

கடன் அடைந்து, மூலப்பத்திரம் பீரோவில் இருக்கிற வீட்டுக்கு இந்த அறிவுரை சரியாக இருக்கலாம். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் இன்றைக்குச் சென்னையிலும் கோவையிலும் முப்பதுகளில் பிரிகிறவர்கள் சண்டை போடுவது அப்படிப்பட்ட வீட்டுக்கு இல்லை. இருவர் சம்பளத்தைக் காட்டி இருபது வருடக் கடன் வாங்கி, ஐந்தாறு வருடம் கட்டியிருக்கிற ஃபிளாட்டுக்கு. அந்த ஃபிளாட்டைப் பொறுத்தவரை இந்த அறிவுரை தவறு. அதிலும் பெண்ணின் நன்மைக்கென்று சொல்லப்படும்போது இன்னும் தவறு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உறவினர்கள் யாரும் கணக்குப் போடுவதில்லை என்பதால்தான் இந்த அறிவுரை இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், வாங்கிய விலை 62.5 லட்சம், கைப்பணம் 12.5 லட்சம், கடன் 50 லட்சம், வட்டி 9 சதவீதம், காலம் 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 45,000 ரூபாய். ஐந்து வருடத்தில் வங்கிக்குப் போனது 27 லட்சம். அசலில் குறைந்தது எவ்வளவு? சுமார் 5 லட்சத்து 65 ஆயிரம். மீதி 21 லட்சத்துக்கும் மேல் முழுக்க வட்டி. பாக்கிக் கடன் இன்னும் 44 லட்சத்து 35 ஆயிரம் நிற்கிறது. "27 லட்சம் கட்டியிருக்கோம், எப்படி விடறது?" என்று கேட்கிறார்களே, அந்த 27 லட்சத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள் இல்லை. அது ஏற்கெனவே செலவாகிவிட்டது, வாடகை செலவாவதைப் போல.

இன்றைய விலை 75 லட்சம் என்றே எடுத்துக்கொள்வோம். கடன் போக 30 லட்சத்துச் சொச்சம். தரகும் வரியும் போனால் 29 லட்சத்தில் வந்து நிற்கலாம். இருவர் பெயரிலும் கிரயம் என்றால் ஆளுக்குப் பதினாலரை. ஆனால் சமரசப் பேச்சில் இந்த வீடு எப்படிப் பேசப்படுகிறது? "75 லட்ச ரூபா வீட்டையே எழுதித் தர்றோம், அப்புறம் என்ன ஜீவனாம்சம்?" பெண் வீட்டாரும் ஜெயித்துவிட்ட முகத்தோடு தலையாட்டுகிறார்கள். அவள் உண்மையில் கூடுதலாகப் பெற்றது கணவருடைய பங்கான பதினாலரை லட்சம். ஏற்றுக்கொண்டது அடுத்த 15 வருடத்துக்கு மாதம் 45,000, மொத்தம் 81 லட்சம் ரூபாய்த் தவணை. விட்டுக்கொடுத்தது மாதாமாதம் வரவேண்டிய பராமரிப்புத் தொகை. கைக்கு 70,000 வருகிற ஒரு பெண் 45,000-ஐத் தவணைக்குக் கட்டிவிட்டு, மிச்சத்தில் பள்ளிக் கட்டணம், வேன், மளிகை, அசோசியேஷன் மெயின்டனன்ஸ், சொத்து வரி எல்லாம் பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

"வாடகை கொடுத்தா தண்டம், தவணை கட்டினா சொத்து" என்பார்கள். ஆறாம் வருடத்தின் முதல் தவணையைப் பிரித்துப் பார்த்தால், 45,000-ல் வட்டி மட்டும் 33,000-க்கு மேல். அசலுக்குப் போவது 12,000-க்கும் குறைவு. அதே தெருவில் அதே மாதிரி ஃபிளாட்டுக்கு வாடகை 20,000 என்றால், வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் தண்டம், அதைவிட 13,000 அதிகமாக வங்கிக்குக் கொடுத்தால் சொத்து என்கிற தர்க்கம் எனக்குப் புரியவில்லை. இருவர் சம்பளம் இருந்தபோது அந்த வித்தியாசத்தைத் தாங்க முடிந்தது. வட்டி கொடுத்து எதிர்காலத்தை வாங்கலாம் என்று இருவரும் சேர்ந்து போட்ட திட்டம் அது. ஒருவர் போனபின் திட்டம் மட்டும் எப்படி அப்படியே நிற்கும்?

இனி வங்கி. "வீட்டை அவளுக்கு எழுதி வெச்சாச்சு, கடனையும் அவளே பார்த்துக்குவான்னு கோர்ட்லயே சொல்லிட்டாங்க" என்று ஒருவர் நிம்மதியாகப் பேசினால், அவர் கடன் பத்திரத்தைப் படிக்கவில்லை என்று பொருள். சேர்ந்து கடன் வாங்கியவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவு. குடும்ப நீதிமன்றத்தின் தீர்ப்பு அந்த இருவருக்கு நடுவே செல்லும். வழக்கில் தரப்பாகவே இல்லாத வங்கியை அது கட்டுப்படுத்தாது. ஒருவர் பெயரைக் கடனிலிருந்து நீக்க வேண்டுமென்றால், மிஞ்சியிருப்பவரின் சம்பளத்தை வைத்து வங்கி புதிதாகத் தகுதி பார்க்கும். கைக்கு வரும் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போவதை வங்கிகள் பொதுவாக விரும்புவதில்லை. மேலே சொன்ன 70,000 சம்பளக்காரரை அந்த மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். விளைவு: வீட்டில் அவள் மட்டும் இருப்பாள், கடனில் இருவரும் இருப்பார்கள். வெளியே போனவருக்கு இன்னொரு வீட்டுக்கடன் கிடைக்காது, அவருடைய தகுதியைப் பழைய கடன் தின்றுகொண்டிருக்கும். ஒருவர் தவணை தவறினால் இருவருடைய சிபில் மதிப்பெண்ணும் சரியும். பிரிந்த பிறகும் மாதாமாதம் ஐந்தாம் தேதி இருவரையும் சேர்த்துக் கட்டிவைக்கிற ஏற்பாட்டுக்குத்தான் "வீட்டைக் காப்பாற்றிவிட்டோம்" என்று பெயர் வைக்கிறார்கள்.

கோபத்தில் ஒருவர் தவணையை நிறுத்திவிடுவதும் நடக்கிறது. "அவ தானே இருக்கா, அவளே கட்டட்டும்." தொண்ணூறு நாள் தவணை போகாவிட்டால் கணக்கு வாராக்கடன். அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ். அதுவும் தாண்டினால் சுவாதீனம், பிறகு ஏலம். நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி இந்த நடவடிக்கையைத் தொடங்கலாம். தமிழ் நாளிதழ்களின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வருகிற சுவாதீன அறிவிப்புகளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கடன்தாரர், இணைக் கடன்தாரர் பெயர், முகவரி, பாக்கித் தொகை, ஃபிளாட் எண், சதுர அடி, பிரிக்கப்படாத நிலப்பங்கு, வடக்கே யார் மனை, தெற்கே எந்தத் தெரு என்று நான்கெல்லை வரை அச்சாகியிருக்கும். பிரிந்து மூன்று வருடம் ஆன பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் 'க/பெ' என்று போட்டு அந்த மனிதரின் பெயரும் இருக்கும். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து வீட்டை விடாமல் இருந்தவர்களுக்கு ஊரே படிக்கிற பக்கத்தில் இடம் கிடைக்கிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வீட்டில் பங்குள்ளவர்கள் எல்லோரும் கடனில் சேர வேண்டும் என்று வங்கிகள் கேட்கின்றன. கடனில் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் வீட்டில் பங்கு இருக்க வேண்டுமென்று கேட்பதில்லை. கூடுதல் கடன் கிடைக்கட்டும் என்று மனைவியின் சம்பளச் சீட்டை இணைத்திருப்பார்கள், இணைக் கடன்தாரராகக் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள், கிரயப் பத்திரத்தில் அவர் பெயர் மட்டும் இருக்காது. "லோன்ல என் பேர் இருக்கே, எனக்கும் பாதி வீடு வரும்" என்று நம்பி வருடக்கணக்கில் தவணைக்குப் பணம் அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். வீட்டை விடாதே என்று சொல்கிற சித்தி, முதலில் கிரயப் பத்திர நகலை எடுத்துவந்து வாங்குபவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெயர் இல்லையென்றால், அவள் பிடித்துக்கொண்டிருப்பது வீட்டை இல்லை, கடனை.

சட்டம் பெண் பக்கம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் எந்தச் சட்டம் எதைத் தருகிறது என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பெண் வாழ்ந்த வீட்டில், அது யார் பெயரில் இருந்தாலும், தொடர்ந்து வசிக்கும் உரிமையைத் தருகிறது. மாமனார், மாமியார் பெயரில் இருக்கிற வீடு என்றால் கிடையாது என்று 2006-இல் சுருக்கிச் சொன்ன உச்ச நீதிமன்றமே, 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் அது தவறான விளக்கம் என்று திருத்திக்கொண்டது. பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் அது வசிக்கும் உரிமை, உடைமை இல்லை. அதே சட்டத்தின் 19-வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தரும்படியோ, அதற்கு வாடகை கொடுக்கும்படியோ கணவனுக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். அதாவது அந்தச் சட்டத்தை எழுதியவர்களே பெண்ணுக்குத் தலைக்கு மேல் கூரை வேண்டும் என்றுதான் யோசித்தார்களே தவிர, இந்தக் கூரைதான் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. அடி உதைக்கு நடுவே நள்ளிரவில் வெளியே தள்ளப்படும் பெண் அந்த வீட்டிலேயே இருக்க உத்தரவு வாங்குவது முற்றிலும் நியாயம். அதை அடுத்த 15 வருடக் கடன் திட்டமாக நீட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

உடைமையைப் பொறுத்தவரை நம் நாட்டில் நிலைமை மோசம். திருமண காலத்தில் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்று சொல்லும் சட்டம், போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சிவில் சட்டம் நடக்கும் கோவா போன்ற பகுதிகளைத் தவிர, இங்கே இல்லை. கணவனின் அசையாச் சொத்தில் பங்கு தர வழிசெய்யும் திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவை கலைந்ததும் காலாவதியானது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில், சவூதியில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கியவரின் மனைவிக்கு, வீட்டைப் பார்த்துக்கொண்டதும் பங்களிப்புதான் என்று சொல்லிச் சரிபாதி உரிமை கொடுத்தது. நான் மனதார வரவேற்ற தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தபோது அந்தக் கணவர் உயிரோடு இல்லை. பிள்ளைகளோடு வழக்கு நடந்து முடிந்திருந்தது. தவணை அவ்வளவு காலம் காத்திருக்காது.

அந்தத் தீர்ப்பை "கட்டினவனுக்கே வீடு" என்கிற பையன் வீட்டாரும் படிக்க வேண்டும். தவணை அவர் கணக்கிலிருந்து போனது என்பது பாதி உண்மை. மளிகையும் பள்ளிக் கட்டணமும் கேஸும் இன்னொருவர் சம்பளத்தில் ஓடியதால்தான் அவர் கணக்கில் தவணைக்குப் பணம் நின்றது. தவணை கட்டுகிறேன், அதனால் ஜீவனாம்சம் தர முடியாது என்கிற வாதத்தையும் உயர் நீதிமன்றங்கள் பலமுறை தள்ளியிருக்கின்றன.

எதிர்வாதங்களில் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் சுலபமான பதில் கிடையாது. "தனியா இருக்கற பொம்பளைக்கு யாரு வீடு தருவா?" உண்மை. வீட்டுக்காரர் முதலில் கேட்பது "சார் என்ன பண்றார்?" அதற்குப் பதில் சொன்னதும் "என் பையன் வர்றதா இருக்கான்" என்று கதவு சாத்தப்படும். இதைப் பெண்ணின் கற்பனை என்று சொல்கிறவர்கள் வாடகைக்கு வீடு தேடியதில்லை. ஆனால் இந்தத் தடையைத் தாண்டக் கையில் என்ன இருக்க வேண்டும்? பணம். கூடுதல் அட்வான்ஸ் கொடுக்கவும், நாலு வீடு பார்த்து மறுக்கவும், பிறகு கடனில்லாமலோ சின்னக் கடனோடோ ஒரு படுக்கையறை வீடு வாங்கவும் தெம்பு தருவது வங்கியில் இருக்கும் பதினாலரை லட்சம். ஃபிளாட்டில் பூட்டிக் கிடக்கும் அதே தொகை அந்தத் தெம்பைத் தராது. சமூகத்தின் அநியாயத்துக்கு அஞ்சி 81 லட்சம் ரூபாய்த் தவணையைச் சுமக்கச் சொல்வது, அநியாயம் செய்கிறவனுக்குப் பதிலாக அவளுக்கே அபராதம் விதிப்பது.

பிள்ளைகளைக் காட்டி வரும் வாதத்தில் பாதி சரி. பள்ளி மாறக்கூடாது, டியூஷன், விளையாட்டுத் தோழர்கள் மாறக்கூடாது. அதற்கு அதே பேட்டை போதும், அதே ஃபிளாட் தேவையில்லை. பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிறதென்றால் தேர்வு முடியும்வரை விற்பனையைத் தள்ளிப்போடலாம், அதுவரை தவணையை யார் எவ்வளவு கட்டுவது என்று எழுதிக்கொண்டு. மாதக் கடைசியில் அம்மா எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிற வீட்டில் வளர்வதால் பிள்ளைக்கு என்ன நிலைத்தன்மை கிடைக்கும் என்று கேட்கத்தான் ஆளில்லை.

"என் நகையை வித்துப் போட்ட வீடு" என்ற வலி வேறு வகை. அதை மதிக்கிறேன். ஆனால் நகைக்கு ஈடாக நகையைத்தான் கேட்க வேண்டும், சுவரை இல்லை. 2024 ஏப்ரலில் கேரளத்து வழக்கு ஒன்றில், திருமணத்தில் பெண்ணுக்கு வந்த 89 பவுன் முழுக்க அவளுடைய சொத்து, கணவனுக்கு அதில் உரிமை கிடையாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. கைப்பணம் கட்டிய அன்று எந்த அடகுக்கடைச் சீட்டு, எந்த நகைக்கடை ரசீது, எந்தக் கணக்குக்குப் பணம் போனது என்ற காகிதங்களைத் தேடி எடுத்து வைப்பது, வீட்டுச் சாவியை மறைத்து வைப்பதைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

விலை ஏறும் என்பவர்களுக்கு ஒரு வரி: அடுக்ககத்தில் ஏறுவது நிலப்பங்கு, தேய்வது கட்டடம், உங்கள் பத்திரத்தில் நிலப்பங்கு எத்தனை சதுர அடி என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எல்லோரும் விற்றுத்தான் ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. இன்னும் மூன்று வருடத்தில் கடன் முடிகிறது, தவணை சம்பளத்தில் கால்பங்கைத் தாண்டவில்லை, வங்கி ஒருவர் பெயரில் கடனை மாற்றித் தருகிறது என்றால் வைத்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? அந்த முடிவு கணக்கிலிருந்து வருகிறது. நான் சண்டை போடுவது ரோஷத்திலிருந்து வருகிற முடிவோடு.

கடன் உள்ள வீட்டை விற்க முடியாது என்றொரு நம்பிக்கையும் உலவுகிறது. தினமும் விற்கிறார்கள். வங்கியிடம் பாக்கித் தொகைக் கடிதம் வாங்க வேண்டும். வாங்குபவர் கடன் எடுக்கிறார் என்றால் அவருடைய வங்கியே நம் வங்கிக்குப் பாக்கித் தொகைக்கு டிடி எடுத்துக் கொடுத்து மூலப்பத்திரத்தை வாங்கிக்கொள்ளும். வில்லங்கச் சான்றில் நிற்கும் அடமானப் பதிவுக்கு ரத்து ஆவணமும் பதிவாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்று காலை நடப்பது சாதாரணக் காரியம். டோக்கன் எண் கூப்பிடுகிறார்கள், கேமராவைப் பார்க்கச் சொல்கிறார்கள், கைரேகை எடுக்கிறார்கள். பேசாத கணவனும் மனைவியும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருப்பதை எழுத்தர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, "யார் முதல்ல வர்றீங்க?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபரிடம் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி நமக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2023-இல் வந்த உத்தரவு.

ஒருவர் வைத்துக்கொள்வதென்று முடிவானாலும், பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் "வீடு மனைவிக்கு" என்று ஒற்றை வரி எழுதுவது எதற்கும் உதவாது. எந்தத் தேதிக்குள் மற்றவர் பெயர் கடனிலிருந்து நீங்க வேண்டும், அதுவரை தவணை யார் கணக்கிலிருந்து போகும், பாக்கித் தொகை இன்றைக்கு எவ்வளவு, அந்தத் தேதிக்குள் வங்கி சம்மதிக்காவிட்டால் வீட்டை விற்று எந்த விகிதத்தில் பிரித்துக்கொள்வது, இதெல்லாம் எழுத்தில் வேண்டும். கணவன் மனைவி என்ற உறவு சட்டப்படி இருக்கும்போதே வங்கியின் ஒப்புதலோடு விடுதலைப் பத்திரத்தைப் பதிந்துகொண்டால் குடும்ப உறுப்பினருக்கான சலுகைக் கட்டணம் கிடைக்கும். தீர்ப்பு வந்தபின் அந்தக் கணக்கு மாறிவிடலாம். முதல் மனுவுக்கும் இரண்டாவது முறை நீதிபதி முன் நிற்பதற்கும் நடுவே சட்டம் ஆறு மாதம் வைத்திருக்கிறது. அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அவசரப்படுகிறவர்கள் அதிகம். கடன் உள்ளவர்கள் அந்த ஆறு மாதத்தை வங்கிக்கும் சார்பதிவாளருக்கும் செலவிடட்டும். இரண்டாவது முறை கூப்பிடும்போது அந்தக் கடன் கணக்கு முடிந்திருக்க வேண்டும், அல்லது ஒரே ஒருவர் பெயரில் இருக்க வேண்டும்.